மோல்டை வெயிலுக்குத் தூக்கியது யார்?

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் செராமிக் யூனிட்டின் கேட்டில் புதிதாக ஓர் அட்டை தொங்கியது.

‘ஆட்கள் தேவை. மோல்டு மாஸ்டர் (ஆண்) – நாள் கூலி 650. பினிஷிங் வேலை (பெண்) – நாள் கூலி 400.’

அந்த அட்டைக்கு முன்னால் வசந்தா நின்றுகொண்டிருந்தார். எங்களோடு வேலை செய்கிறவர். கம்மாபுரம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வழக்கமாகக் கேட்டைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார். அன்றைக்கு என்னவோ, பஸ் டைம் பார்க்கிறவரைப் போல அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே… மாஸ்டர் வேலைக்கு ஆளு எடுக்கறாங்களா?”

“அப்படித்தான் போட்டிருக்குது.”

“எட்டு மாசமா அந்த வேலைய யாரு செய்யறாங்க?”

நான் அட்டையைப் பார்த்தேன். கேட்டைப் பார்த்தேன். வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

“நீதான்.”

“அப்ப, புதுசா ஒருத்தன் வருவான். அவனுக்கு நான் வேல கத்துக் குடுக்கணும். கத்துக்கிட்டு அவன் அறுநூத்தம்பது வாங்குவான். நான் அதே நானூறுக்குப் பினிஷிங் டேபிளுக்குத் திரும்பிப் போவணும். அதானே?”

கேட்டைத் தள்ளித் திறந்தேன்.

“வெயில் ஏறுது, உள்ள வாம்மா” என்றேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். அஞ்சாவதோடு படிப்பு முடிந்தது. ஆறாவதுக்குப் பதிலாகக் களிமண்ணுக்கு வந்தேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் அஞ்சாவது ஆளாகப் போய் நின்று பேச எனக்கு வராது. எழுதும்போது மட்டும் கொஞ்சம் தைரியம் வரும்… எதிரில் யாரும் இல்லை பாருங்கள்!

விருத்தாசலம் பீங்கான் பொம்மையை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். யார் வீட்டு ஷோகேஸிலாவது ஒரு யானை நின்றிருக்கும். அந்த யானை எப்படி உண்டாகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் வசந்தா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியாது.

களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, கெட்டிப் பால் மாதிரி ஆக்கி, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவோம். அந்த அச்சுதான் மோல்டு. ரெண்டு பாதியாக இருக்கும். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, அதால் ரெண்டையும் இறுக்கிக் கட்டுவோம். மண்ணில் இருக்கிற தண்ணீரை அந்தப் பிளாஸ்டர் குடிக்கும். குடிக்கக் குடிக்க, மண் ஓரத்தில் ஆடை மாதிரிப் படியும். மீதியைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மோல்டைப் பிரித்தால்… யானை!

இது மாஸ்டர் வேலை.

யானையின் உடம்பில் ரெண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், தும்பிக்கையிலிருந்து வால் வரைக்கும் ஒரு பிசிறு ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி, ஸ்பாஞ்சால் துடைத்து வழுவழுப்பாக்க வேண்டும். அது பினிஷிங்.

ஊற்றுவது ஆண்கள். துடைப்பது பெண்கள். யார் இப்படிப் பிரித்தார்கள்? தெரியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் இந்த யூனிட்டுக்கு வந்தபோதே இப்படித்தான் இருந்தது. எல்லா யூனிட்டிலும் இப்படித்தான். ஊற்றுகிறவருக்கு ‘மாஸ்டர்’ என்று பட்டம். துடைக்கிறவருக்குப் பட்டம் கிடையாது. ‘பொம்பளை ஆளுங்க’, அவ்வளவுதான்.

எங்கள் யூனிட்டில் மூன்று மாஸ்டர். நான், அந்தோணி, இன்னொருவர். அந்த இன்னொருவர் எட்டு மாசத்துக்கு முன்னால் திருப்பூருக்குப் போய்விட்டார். “நாலு நாளைக்கு நீ ஊத்து வசந்தா, ஆளு பாத்துடறேன்” என்றார் முதலாளி. வசந்தா ஊற்றினார். நாலு நாள் எட்டு மாசமாக நீண்டது. கூலி மட்டும் ஓர் அங்குலம் நீளவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அவர் ஊற்றுகிற அழகே தனி. நான் ஊற்றினால் மோல்டு வாயில் ரெண்டு சொட்டாவது வழியும். அவர் ஊற்றினால் வழியாது. பிள்ளைக்குச் சங்கில் பால் ஊட்டுகிற மாதிரி அப்படி ஒரு நிதானம். யானைக் காது ரொம்ப மெல்லிசு. என் கையில் பத்துக்கு ஒன்று கிழியும். அவர் கையில் கிழிந்து நான் பார்த்ததில்லை.

அவசரம் என்னவென்றால், வசந்தா ஒரு வீடு பார்த்திருந்தார்.

கணவர் இல்லை. ஆறு வருஷமாக மகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணன் நல்லவர்தான். ஆனால் வீடு அண்ணனுடையது. காலையில் வேலைக்கு வரும் முன் அந்த வீட்டுக்கு ஒரு நாள் வேலை, சாயந்திரம் போனதும் இன்னொரு நாள் வேலை. ஒரே நாளில் மூன்று நாள்! சம்பளம் விழுகிற ஏ.டி.எம். கார்டும் அண்ணன் சட்டைப் பையில்தான். ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று.

ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ரூமும் சமையல்கட்டுமாக ஒரு வீடு காலியாகி இருந்தது. மகள் படிக்கிற ஸ்கூலுக்கும் கிட்ட. வீட்டுக்கார அம்மா, “ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்கு மேல கேக்காத” என்று சொல்லிவிட்டார். நானூறு ரூபாய்க் கூலியில் அந்த வாடகையைக் கொடுத்தால் சாப்பிட முடியாது. மாஸ்டர் கூலி கிடைத்தால் முடியும். கணக்கு அவ்வளவு சின்னது. இடையில் நின்றது அந்த அட்டையில் இருந்த ‘ஆண்’ என்கிற ஒரு சொல்.

அன்றைக்குப் பத்து மணிக்கு முதலாளி வந்தார். வசந்தா கையைக் கழுவிக்கொண்டு நேராகப் போய் நின்றார். நாங்கள் எல்லோரும் பார்க்கிற தூரம்தான்.

“மொதலாளி, மாஸ்டர் வேலைக்கு வேற ஆளு வேணாம். நான் செஞ்சிக்கிட்டுத்தானே இருக்கேன்? கூலிய மட்டும் அந்தக் கூலியா குடுங்க.”

முதலாளி கோபக்காரர் இல்லை. சிரித்தார். “ஏன் வசந்தா, உனக்கு என்ன கொறை வச்சேன்? தீபாவளிக்குப் பொடவை எடுத்துக் குடுத்தேன்ல?”

“பொடவை நல்லா இருந்துது மொதலாளி. அது வருஷத்துக்கு ஒரு தடவ. நான் தெனமும் வரேன்.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை.

“இங்க பாரு. ஊத்தறது பெரிய விஷயமில்ல. மோல்டு என்னா கனம்? ஒவ்வொண்ணும் ஒரு கொடம் தண்ணி கனம். ஆம்பளைங்க அதத் தூக்கறாங்க. அந்தக் கனத்துக்குத்தான் அந்தக் கூலி. புரியுதா?”

வசந்தா திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மண்கூழ் இருந்த பக்கெட்டுக்குள் பார்த்தேன். அதற்குள் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி… ரொம்ப உன்னிப்பாகப் பார்த்தேன்.

ஒரு விஷயம் முதலாளிக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். இல்லை… எங்களுக்கும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் கண் முன்னால் நடப்பதைப் ‘பார்த்தேன்’ என்று சொல்ல முடியுமா?

ரெண்டு மூன்று முறை ஊற்றியதும் மோல்டு தண்ணீர் குடித்துக் குடித்து நிறைந்துவிடும். அதற்கு மேல் குடிக்காது. அதனால் மத்தியானம் எல்லா மோல்டையும் வெளியில் கொண்டுபோய், பலகை மேல் வரிசையாக அடுக்கி, வெயிலில் காயப் போட வேண்டும். சாயந்திரம் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். மேகம் கறுத்தால் ஓடிப் போய்த் தூக்கி வர வேண்டும். நாற்பது மோல்டு!

இதைச் செய்வது யார்? பினிஷிங் டேபிளில் இருக்கிற பெண்கள். ‘கூட மாட ஒத்தாசை’ என்று அதற்குப் பெயர். முதலாளி காலையில் வருவார், மத்தியானத்துக்கு முன் போவார், சாயந்திரம் எல்லாம் முடிந்த பிறகு வருவார். உச்சி வெயிலில் அவர் வந்ததே இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். கொஞ்சம் தள்ளி நானும் அந்தோணியும். அவர்களில் மும்தாஜ் என்று ஒருவர். மங்கலம்பேட்டைக்காரர். கணவர் சவுதியில். ‘ஊட்டுக்காரரு அங்க சம்பாதிக்கறாரு, உனக்கு எதுக்கு இந்த மண்ணு வேல?’ என்று கேட்காத ஆள் இல்லை. “அவரு அனுப்பறது அவரு கட்டற வூட்டுக்கு. நான் சம்பாதிக்கறது நான் ஆருகிட்டயும் கை நீட்டாம டீ குடிக்கறதுக்கு” என்பார்.

அந்த மும்தாஜ்தான் ஆரம்பித்தார்.

“கனம் தூக்கறவங்களுக்குத்தான் கூலின்னு மொதலாளி வாயாலயே சொல்லிட்டாருல்ல?”

“ஆமா” என்றார் வசந்தா.

“அப்ப நம்ம கூலில கனம் சேரல.”

“சேரல.”

“சேராதத எதுக்குத் தூக்கறோம்?”

வசந்தா ஊறுகாயை நக்கிக்கொண்டே யோசித்தார். பிறகு சொன்னார், “யாரும் சத்தம் போட வேணாம். வேலைக்கு லீவும் போட வேணாம். பினிஷிங் கூலிக்குப் பினிஷிங் வேலைய ஒழுங்கா செய்வோம். நானும் டேபிளுக்கு வந்துடறேன். அவ்ளோதான்.”

“வேலைய வுட்டுத் தூக்கிட்டாருன்னா?” என்றார் ஒரு பெண்.

கேட்டில் அட்டை தொங்குகிறதே! அதில் இன்னும் ரெண்டு வரி சேர்த்து எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பயம் ஒவ்வொருவர் முகத்திலும் இருந்தது. அதிகம் இருந்தது வசந்தாவின் முகத்தில். அவருக்குத்தானே வீடு?

“தூக்குனா தூக்கட்டும்” என்றார் மும்தாஜ். “கனமா இருக்கறோமான்னு பாக்கட்டும்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் நானும்தான்.

ரெண்டு மணி ஆயிற்று. மோல்டுகள் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தன. பெண்கள் தலை குனிந்து யானைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணிதான் முதலில் கவனித்தார்.

“ஏ மும்தாஜு! மோல்டு இன்னும் வெயிலுக்குப் போகல.”

“கனமா இருக்குதுண்ணே.”

“நேத்து வரைக்கும் கனமா இல்லியா?”

“இருந்துது. அது இன்னிக்குத்தான் எங்களுக்குச் சொன்னாங்க.”

அந்தோணி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். ரெண்டு பேரும் தூக்க ஆரம்பித்தோம். ஷெட்டிலிருந்து பலகைக்கு முப்பது அடி இருக்கும். முதல் மோல்டு ஒன்றும் தெரியவில்லை. நாலாவதில் மூச்சு வாங்கியது. பதினொன்றாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இருபது வருஷம்! மோல்டு தானே நடந்து வெயிலுக்குப் போகிறது, தானே நடந்து திரும்பி வருகிறது என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

மறுநாள் அந்தோணி மறுத்துவிட்டார். “நாம மாஸ்டருண்ணே. வெயில்ல பலகை மேல அடுக்கிக்கிட்டு நின்னா மதிப்பு என்னா ஆவறது? ஃபேன் போட்டா காயாதா?” என்று ஒரு பெரிய ஃபேனை இழுத்துவந்து மோல்டுகளுக்கு முன் வைத்தார். நானாவது தூக்கியிருக்கலாமே? ‘முதலாளி உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்’ என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. இடுப்பு.

ஃபேன் காற்றில் மோல்டின் வெளிப்பக்கம் காயும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தொட்டால் காய்ந்த மாதிரி ஏமாற்றும். தொழில் தெரியாதவர் ஏமாறலாம். நாங்கள் மாஸ்டர்கள்… நாங்களே ஏமாந்தோம்!

வியாழக்கிழமை காலை. பெங்களூருக்குப் போக வேண்டிய யானைகள். முதலாளி பக்கத்திலேயே நின்றார். அந்தோணி ட்யூபை அவிழ்த்து, மோல்டைப் பிரித்தார். யானை வந்தது. தும்பிக்கை வரவில்லை. அது மோல்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது.

அடுத்ததைப் பிரித்தார். தும்பிக்கையும் இல்லை, ஒரு காதும் இல்லை.

மூன்றாவது. நாலாவது.

டேபிளிலிருந்து மும்தாஜ் எட்டிப் பார்த்தார். “அந்தோணி அண்ணே, கரடி மாதிரி நல்லாத்தான் இருக்குது. கரடின்னே வித்துடுங்க.”

“உன் வேலையப் பாரு நீ!”

“பாக்கறதுக்கு யானை வரலியே அண்ணே…”

முதலாளி முகம் மாறிவிட்டது. “மண்ணு சரியில்லியா?”

“மண்ணுதான் மொதலாளி. இந்தத் தடவ மண்ணே சரியில்ல” என்றார் அந்தோணி. பிறகு தண்ணீர் உப்பு என்றார். பிறகு பிளாஸ்டர் மட்டம் என்றார். முதலாளி குனிந்து மோல்டின் உள்பக்கத்தைத் தடவினார். விரலைப் பார்த்தார்.

“ஈரம். வெயில்ல வைக்கலியா?”

ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“இத்தன நாளா எப்படிக் காஞ்சிது? யாரு தூக்கிக்கிட்டுப் போனது? ஏழுமல, நீ சொல்லு.”

என்னை ஏன் கேட்டார்? அதிகம் பேசாதவன் பொய் சொல்லமாட்டான் என்று ஒரு நம்பிக்கை இருக்கும் போல. அந்தோணி முழங்கையால் என் விலாவில் லேசாக இடித்தார். முந்தின நாளே அவர் என்னிடம் சொல்லியிருந்தார், “அவங்களுக்கு ஏத்தணும்னா நம்மளுதுல எறக்குவாரு, பாத்துக்க.” எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை.

வசந்தா இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. தலை நிமிராமல் யானைக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னைச் சுட்டது. என்னிடமிருந்து எதுவும் வராது என்று முடிவு செய்துவிட்டார்.

“அவங்கதான்” என்றேன்.

“எவங்க?”

“இவங்க… பொம்பளைங்க. தெனமும். கொண்டு போறது, கொண்டு வர்றது… ரெண்டும்.”

“அப்ப நீங்க?”

“நாங்க… ஊத்துவோம்.”

இருபது வருஷத்தில் முதலாளியிடம் நான் பேசிய நீளமான பேச்சு இதுதான். கடைசிச் சொல் வெளியே வந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

முதலாளி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மோல்டைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். வெளியே நடந்தார். பலகை மேல் வைத்தார். திரும்பி வந்து ரெண்டாவதைப் பார்த்தார். தூக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார்.

அவருக்கு என் மனசுக்குள் ஒரு வணக்கம் போட்டேன். எத்தனை பேர் தூக்கிப் பார்ப்பார்கள்? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சட்டமே இருக்கிறதாம். இருக்கட்டும். எங்கள் ஷெட்டில் அந்தச் சட்டம் உள்ளே வர ஒரு மோல்டின் கனம் தேவைப்பட்டது.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

சனிக்கிழமை காலை முதலாளி வசந்தாவை மட்டும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். அஞ்சு நிமிஷத்தில் வெளியே வந்தார் வசந்தா. நேராக டேபிளுக்கு வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“எனக்கு மட்டும் மாஸ்டர் கூலி தராராம். வெளில யாருகிட்டயும் சொல்லாதன்னாரு.”

“அதான் சொல்றியா?” என்றார் மும்தாஜ்.

“அதான் சொல்றேன்.”

“நீ என்னா சொன்ன?”

“ஊத்தற கூலி எனக்கு, சரி மொதலாளி. தூக்கறதுக்கு இவங்களுக்கு என்னான்னு கேட்டேன். அதையும் சேத்துச் சொல்லுங்க, இப்பவே மோல்டு கட்டறேன்னேன். யோசிக்கறேன்னாரு.”

மும்தாஜ் கையிலிருந்த ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டார். “லூசாடி நீ? நாளைக்கு ஞாயித்துக்கெழம. வூட்டுக்கார அம்மா வேற ஆளுக்கு வுட்டுடும். மொத நீ வாங்கிக்க, நாங்க பொறவு பாத்துக்கறோம்!”

“நீ தூக்காம வச்சதாலதான் அவரு என்னைக் கூப்ட்டாரு. நான் மட்டும் வாங்கிக்கிட்டுப் போயி அந்த வூட்டுல எப்பிடி ஒல வைக்கறது?”

சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒரு யானையை எடுத்தார். கை நடுங்கியது. அந்த யானையைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். தைரியசாலிகளுக்குக் கை நடுங்காது என்று யார் சொன்னது? நடுங்கும். பின்வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து போய் மோல்டுகளைத் தூக்க ஆரம்பித்தேன். மெதுவாக, ஒவ்வொன்றாக, நடுநடுவே உட்கார்ந்து. அந்தோணி பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறாவது மோல்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே வந்து மறுபக்கம் பிடித்தார்.

சாயந்திரம் வாரக் கூலிக் கணக்குப் பார்க்கிற நேரம். முதலாளி எல்லோரையும் நிற்க வைத்தார். ரொம்பச் சுருக்கமாகப் பேசினார். ஆணோ பெண்ணோ, மோல்டு ஊற்றுகிறவருக்கு இனிமேல் ஒரே கூலி. யாருக்கும் குறைப்பு இல்லை. மோல்டு வெயிலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர, யார் தூக்குகிறார்களோ அவர்களுக்குத் தனியாகக் கூலி. பினிஷிங் கூலி மட்டும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

“அத அடுத்த சீசனுக்குப் பாப்போம்” என்றார்.

“சரி மொதலாளி” என்றார் மும்தாஜ். “நாங்களும் பாக்கறோம்.”

அந்தக் குரலைக் கேட்டபோது, அடுத்த சீசனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மத்தியானம் ரெண்டு மணி அடித்ததும், முதல் ஆளாக எழுந்து மோல்டைத் தூக்கியது யார் தெரியுமா? அந்தோணி! “நானும் கொஞ்சம் தூக்கறேனே…” மதிப்பு, வெயில், மாஸ்டர் பட்டம் எல்லாம் எங்கே போயிற்று? மும்தாஜ் விடவில்லை. “அண்ணே, கனம் பாத்து…” என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடந்தார்.

எனக்கு அதில் ஒன்று புரிந்தது. ஒரு வேலைக்குக் காசு வராத வரைக்கும் அது ஒத்தாசை. பெண்கள் செய்தால் போதும். காசு வந்த அன்றைக்கே அது தொழில் ஆகிவிடுகிறது. உடனே எங்களுக்கும் அதைச் செய்யத் தெரிந்துவிடுகிறது!

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே வசந்தா வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். வீட்டுக்கார அம்மா, “ஆம்பளத் தொணை யாரு இருக்காங்க?” என்று கேட்டாராம். “யாரும் இல்லீங்க. வாடக நான்தான் தருவேன்” என்றாராம். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப ஒழுங்கா வரும்” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அண்ணனிடமும் சண்டை ஒன்றும் இல்லை. ‘கார்டக் குடுண்ணே, இனிமே நான் பத்திரமா வச்சிக்கறேன்’ என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணன்தான் பொருள்களை டாட்டா ஏஸில் ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போனாராம்.

போன வாரம் வேலைக்கு நடுவில் கேட்டேன்.

“புது வூடு எப்படிம்மா இருக்குது?”

தண்ணீர் வசதி, வெளிச்சம், பக்கத்து வீடு என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். வசந்தா மோல்டு வாயில் மண்ணை ஊற்றி முடித்து, பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம மத்தியானம் படுத்தேன் அண்ணே. எழுந்து பாத்தா மணி அஞ்சு. ஒருத்தரும் எழுப்பல.”

சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையை எனக்கு எழுதத் தெரியவில்லை. லாட்டரி அடித்தவர்கூட அப்படிச் சொல்லமாட்டார்.

நான் ஐம்பத்திரண்டு வயசுக்காரன். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். சிலர் அதைச் சம்பாதித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “இத அப்படியே எழுதுங்க” என்றார். பிறகு ஒரு பாயை எடுத்துக்கொண்டு உள் ரூமுக்குப் போனார். “நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் நான் கொஞ்சம் படுக்கறேன்.”

அதனால் இந்த வாரம் டீ நானே போட்டுக்கொண்டேன்… சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் அவரை எழுப்பவில்லை.